இரண்டாம் முறை எடுத்த இரத்தம்

தலைமை தாங்கும் அருட்தந்தை அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, மாவட்டத்தின் சுகாதார அதிகாரிகளே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, கலாநிதி மதலேனா குரூஸ் அவர்களின் அக்கா அன்ரோனெற் ரீச்சர் அவர்களே! பேசாலையிலிருந்தும் நறுவிலிக்குளத்திலிருந்தும் முள்ளிக்குளத்திலிருந்தும் முசலிப் பக்கமிருந்தும் கடல் வேலையையும் வயல் வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கும் மக்களே! எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் ஸப்ராஸ். இந்த மாவட்டத்தில் அரசாங்க ஆய்வுகூடமொன்றில் இருபத்தாறு வருடங்களாக இரத்தம் பரிசோதிக்கிறவன். எந்த ஆய்வுகூடம் என்று மேடையில் சொல்ல எனக்கு அனுமதியில்லை. உங்களில் பாதிப்பேர் என்னிடம் கையை நீட்டியிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

ஏற்பாட்டாளர்கள் என்னிடம் இரண்டு காரியம் கேட்டார்கள். சுருக்கமாகப் பேசவேண்டும். யார் மனமும் நோகாமல் பேசவேண்டும். முதலாவதற்கு முயற்சி செய்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் கலாநிதி மதலேனா குரூஸ் அவர்களைச் சாதனையாளர் என்றார்கள். மண்ணின் பெருமை என்றார்கள். ஒருவர் விஞ்ஞானச் சுடர் என்றும் சொன்னார். நான் கேட்கிறேன்: எந்தச் சாதனை? அவர் உருவாக்கிய பரிசோதனை இன்றைக்கு இந்த நாட்டில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? ஒரு வைத்தியர் அதை எழுதிக் கேட்க முடியுமா? முடியாது! அது ஒரு குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறது. எட்டு வருடம் உழைத்த ஒரு பெண்ணைச் சாகும்வரை அலையவிட்டுவிட்டு, செத்த பிறகு சாதனையாளர் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாயில்லையா?

மன்னிக்கவேண்டும். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு மாசி மாதம். நறுவிலிக்குளத்துச் சிவராசா அண்ணனுக்கு அறுவடை முடிந்த கையோடு காய்ச்சல். அவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். முதுகு உளைவு, கண் சிவப்பு, ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. வயல்காரனுக்கு மழைக்குப் பிறகு இப்படி வந்தால் எல்லோரும் எலிக்காய்ச்சல் என்றுதான் நினைப்போம். இரத்தம் என் மேசைக்கு வந்தது. எலிக்காய்ச்சல் இல்லை. திரும்ப ஒருமுறை பார்த்தேன். இல்லை. டெங்கும் இல்லை. இல்லை, இல்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். என் வேலை முடிந்தது.

ஆள் பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் பிழைக்கவில்லை. இன்றுவரை கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிறார்.

அவருடைய மனைவி அந்த அறிக்கையோடு என் யன்னலுக்கு வந்தார்.

“தம்பி, எலிக்காய்ச்சல் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். டெங்கும் இல்லையாம். அப்ப இவருக்கு வந்தது என்ன?”

“தெரியாது அக்கா. டொக்டரைக் கேளுங்கோ.”

“டொக்டர் உங்களைக் கேக்கச் சொன்னவர்.”

வரிசையில் அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றார். தன் அக்காவின் இரத்தச் சீனி அறிக்கை வாங்க வந்தவர். யன்னலுக்குள் தலையை நீட்டி, “அந்த ரத்தத்தில மிச்சம் இருக்கோ?” என்று கேட்டார்.

“நீங்கள் ஆர்?”

“நான் கம்பஸில வைரஸ் படிப்பிக்கிறனான். மிச்சம் இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ.”

இருந்தது. அதுதான் எனக்கும் மதலேனா மிஸ்ஸுக்கும் நடந்த முதல் உரையாடல். சுகம் விசாரிக்கவில்லை, பெயர் சொல்லவில்லை, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசிவரை அவர் அப்படித்தான்.

அவருக்கு ஹன்டா வைரஸில் சந்தேகம். எலியின் சிறுநீரிலும் எச்சத்திலும் இருந்து மனிதனுக்குத் தொற்றும் வைரஸ் அது. நெற்களஞ்சியத்தைக் கூட்டும்போது தூசியோடு மூச்சில் போகும். எலிக்காய்ச்சல் மாதிரியே வரும், ஆனால் அது பற்றீரியா, இது வைரஸ். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து இதற்குக் கேட்காது. அதைவிட முக்கியம், சேலைனை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் வைத்தியம் செய்தால் வைத்தியமே ஆளைக் கொல்லக்கூடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பரிசோதனைக் கிற் ஒன்றில் சிவராசா அண்ணனின் இரத்தத்தைப் பார்த்தோம். இருக்கு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் நடுவில் நின்றது. ஏன்? மிஸ் எனக்கு விளங்கப்படுத்தினார். கொரோனாக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அன்ரிஜன் என்ற சொல்லைக் கேட்டோமே, அது வைரஸின் உடம்பிலிருக்கும் ஒரு புரதம். ஒரு மனிதனுக்கு வைரஸ் தொற்றினால் அந்தப் புரதத்தைப் பிடிக்க அவன் இரத்தத்தில் அன்ரிபொடி உண்டாகும். அந்தப் புரதத்தைத் தட்டில் வைத்து இரத்தத்தை ஊற்றினால், அன்ரிபொடி இருந்தால் வந்து ஒட்டும், மஞ்சள் நிறம் வரும். ஆனால் அந்தக் கிற்றில் இருந்தது வேறு தேசத்து எலிகளின் வைரஸ் புரதம்.

“ஸப்ராஸ், அந்த ஊர் வைரஸை வைச்சுக்கொண்டு எங்கட ஆக்களின்ர ரத்தத்தைக் கேட்டா அது என்னெண்டு சொல்லும்? எங்கட வைரஸின்ர புரதம் வேணும்.”

“அதை எங்க வாங்கிறது மிஸ்?”

“வாங்க ஏலாது. செய்யவேணும்.”

செய்தார்! பெரியோர்களே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடம் இருக்கிறது தெரியுமா? நறுவிலிக்குளத்துக் களஞ்சியங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கருவாட்டுத் துண்டு வைத்து எலி பிடித்தார். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வரம்பில் குந்தியிருந்து எலிக்கூடு திறந்தார். சனம் சிரித்தது. எலி பிடிக்கிற மிஸ் என்று பெயரும் வைத்தது. எட்டாவது மாதத்தில் ஓர் எலியின் நுரையீரலில் வைரஸின் தடயம் கிடைத்தது. அதிலிருந்து ஒரு புரதத்துக்கான பரம்பரையலகை, அதாவது ஜீனை, மட்டும் எடுத்து, தீங்கில்லாத ஒரு பற்றீரியாவுக்குள் வைத்தார். பற்றீரியா வளரும்போது அந்தப் புரதத்தையும் சேர்த்துச் செய்யும். முழு வைரஸ் தேவையில்லை, ஆபத்தும் இல்லை.

புத்தகத்தில் அது அரைப் பக்கம். மிஸ்ஸுக்குப் பதினான்கு மாதம்! பற்றீரியா புரதத்தைச் செய்தது, ஆனால் திரைந்த பால் மாதிரிக் கட்டிபட்ட புரதம். உரு மாறிப்போன புரதத்தை எந்த அன்ரிபொடியும் அடையாளம் காணாது. கரைத்தார், திரும்பக் கட்டிபட்டது. வேறு பற்றீரியா மாற்றினார், கட்டிபட்டது. அவருடைய ஆய்வு உதவியாளர் றுஷ்தா, எருக்கலம்பிட்டிப் பிள்ளை, ஒருநாள் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மிஸ் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “அழுதா கரையாது. வேற ஏதும் யோசி.”

யோசித்தது மிஸ்தான். அன்ரிபொடி பிடிப்பது புரதத்தின் தலைப்பக்கத்தைத்தானே, முழுப் புரதமும் எதற்கு? முதல் காற்பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார். முப்பத்தேழு பாகைச் சூட்டில் வளர்த்ததைப் பதினெட்டுக்கு இறக்கினார். பற்றீரியா ஆறுதலாக வளர்ந்தது, புரதமும் ஆறுதலாக உருவானது. குழாயில் தண்ணீர் மாதிரித் தெளிவு! அதைத் தட்டில் பூசி, மூன்று வருடமாகக் குளிர்ப்பெட்டியில் கிடந்த சிவராசா அண்ணனின் இரத்தத்தை விட்டார்கள். மஞ்சள். நல்ல தடித்த மஞ்சள்.

மிஸ் உடனேயே சிவராசா அண்ணனின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா, நீங்கள் யன்னலடியில கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுது. மூண்டு வருஷம் பிந்திப்போச்சு.”

அந்த அம்மா சொன்னார்: “எங்களுக்குப் பிந்தினது பரவாயில்லை மிஸ். இனி வாற ஆக்களுக்குப் பிந்தாமல் சொல்லுங்கோ.”

பிந்தாமல் சொல்லுங்கோ! அவர் கேட்டது இவ்வளவுதான். இதைக்கூட எங்களால் செய்ய முடியவில்லையே! ஏன் முடியவில்லை?

ஒரு பரிசோதனையை ஆஸ்பத்திரியில் பயன்படுத்தவேண்டுமானால் கொழும்பில் ஒரு மதிப்பீட்டுக் குழு அங்கீகரிக்கவேண்டும். அது வேண்டியதுதான். கண்டவன் கண்டதையும் பரிசோதனை என்று கொண்டுவரக்கூடாது. 2021இல் மிஸ், அதுவரை சேர்த்துவைத்த காய்ச்சல்காரரின் இரத்த முடிவுகளோடு விண்ணப்பித்தார். கணினித் திரையில் கூட்டம். நானும் றுஷ்தாவும் ஓரமாய் இருந்து பார்த்தோம். குழு சொன்னது: எங்கள் நியமம், அதாவது ஒப்பிடும் அளவுகோல், வெளிநாட்டுக் கிற். அது இல்லையென்று சொன்ன முப்பத்தொரு இரத்தத்தில் உங்கள் பரிசோதனை இருக்கு என்கிறது. ஆகவே உங்களுடையது முப்பத்தொரு இடத்தில் பிழை.

மிஸ் கேட்டார்: அந்தக் கிற் பிழையாயிருந்தால்? அது நியமம், நியமம் பிழையாயிருக்காது என்று பதில் வந்தது. அந்தக் கிற்றுக்கு எங்கள் எலிகளைத் தெரியாது, அதனால்தானே இதைச் செய்தேன் என்றார். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். திரை அணைந்தது.

சொல்லுங்கள் பெரியோர்களே! பார்வை மங்கிய ஒருவரைக் கொண்டு பார்வை தெளிந்த ஒருவரைச் சோதித்து, இவர் கண்டதை அவர் காணவில்லை, ஆகவே இவர் கண்டது பொய் என்றால், அது என்ன தீர்ப்பு?

நான் அன்று விட்டுவிடச் சொன்னேன். “விடுங்கோ மிஸ். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப்போட்டு விடுங்கோ. உங்களுக்குப் பேர் கிடைக்கும்.”

“பேரை வைச்சு சேலைனை நிப்பாட்ட ஏலுமோ ஸப்ராஸ்?”

பிறகுதான் அவர் இரண்டாவது இரத்தத்தைத் தேடத் தொடங்கினார். புதிதாக ஒரு தொற்று வந்தால் முதல் கிழமை அன்ரிபொடி குறைவாக இருக்கும், மூன்று கிழமைக்குப் பிறகு பல மடங்கு ஏறியிருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு தரம் இரத்தம் எடுத்து, அந்த ஏற்றத்தைக் காட்டினால், அது உண்மையான தொற்று என்று நிறுவலாம். முதல் இரத்தம் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும். காய்ச்சல்காரன் தானாக வருவான். இரண்டாவது? காய்ச்சல் மாறின ஆள் எதற்கு ஊசிக்குக் கையை நீட்டவேண்டும்? வீடு வீடாகப் போகவேண்டும்.

போனார். அது என்ன காலம்? 2022. பெற்றோல் இல்லாத காலம்! பஸ் வந்தால் பஸ்ஸில் போனார். வராத நாளில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார். முருங்கன் சந்தியில் வெயிலுக்குள் இரண்டு மணித்தியாலம் நின்று, மீன் லொறியில் ஏறி, மீன் மணத்தோடு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டுப் பெண்ணை நானும் கண்டிருக்கிறேன், பெயர் முஸ்பிரா, இங்கே வந்திருக்கிறார்.

“காய்ச்சல் போன மாசமே மாறிட்டுது மிஸ். இனி ஏன் ரத்தம்?”

“மாறினபடியாத்தான் வந்தனான். மாறாட்டி நீங்கள் எல்லோ என்னட்ட வரவேணும்.”

முஸ்பிரா சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்தார். முதல் இரத்தம் கொடுத்த பதினேழு பேரில் இப்படிப் பதினாறு பேரிடம் வாங்கினார். மன்னார் ரவுணில் ஒரு வீட்டு வாசலில் வைத்திருந்த சம்மதப் படிவங்களைக் கழுதை தின்றுவிட்டது. அதற்காகவும் ஒரு சுற்றுத் திரும்பப் போனார். பதினேழாவது ஆள் குடும்பத்தோடு படகேறி இராமேஸ்வரம் போய்விட்டார். இதைச் சொன்னபோது மிஸ் என்ன கேட்டார் தெரியுமா? “அங்கை ஆரும் ரத்தம் எடுக்க மாட்டினமோ?” அந்த மனிதர் ஏன் போனார் என்பதும் அவருக்குத் தெரியும். பால்மா வாங்க வழியில்லாமல் போன குடும்பம் அது. கொஞ்ச நேரத்தால், “பாவம், போய்ச் சேர்ந்திட்டினம் தானே” என்றார்.

அந்த நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. குளிர்ப்பெட்டியில் இருப்பது ஐந்து வருடத்து இரத்தம். அது உருகி உறைந்து உருகினால் எல்லாம் வீண். மிஸ் மீன் வாடிக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கிவந்தார். உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை எடுப்பித்தார். ஐஸை உடைத்து உப்பைப் போட்டால் வெறும் ஐஸைவிடக் குளிர் கூடும். மீன் அடைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டிகளில் அதை நிரப்பி, நாங்கள் மூன்று பேரும் ஏழு கிழமை அந்த இரத்தத்தைக் காப்பாற்றினோம். உப்பில் அவருடைய விரல்களெல்லாம் வெடித்துப்போயின. ஒரு குழாய்கூட உருகவில்லை! இதையெல்லாம் எந்த விண்ணப்பத்தில், எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?

பதினாறு பேரில் பதினான்கு பேருக்கு அன்ரிபொடி பல மடங்கு ஏறியிருந்தது. திரும்பவும் குழுவுக்கு அனுப்பினார். உங்கள் பரிசோதனையை உங்கள் பரிசோதனையாலேயே நிறுவுகிறீர்கள் என்று பதில் வந்தது. நான் கொதித்தேன். மிஸ் கொதிக்கவில்லை. “இது நியாயமான கேள்வி ஸப்ராஸ். முதல் தரம் இப்பதான் ஒழுங்கான கேள்வி ஒண்டு கேட்டிருக்கினம்” என்றார். உயிருள்ள வைரஸை வைத்துப் பார்க்கும் ஆய்வுகூடம் வெளிநாட்டில்தான் உண்டு. இந்த இரத்தத்திலுள்ள அன்ரிபொடி வைரஸைத் தடுக்கிறதா என்று அங்கே பார்க்கலாம். அனுப்ப அனுமதி வேண்டும். ஓர் அரசாங்கக் கந்தோர், இது மனித இரத்தம், எங்களுடையதல்ல என்றது. அடுத்த கந்தோர், இது எலியின் வைரஸ், எங்களுடையதல்ல என்றது. மூன்றாவது, இதில் பரம்பரையலகு இருக்கிறது, முதல் இரண்டு கந்தோரிலும் கடிதம் வாங்கிவா என்றது. பதினொரு மாதம்! குழாய்கள் பறந்தது பதினொரு மணித்தியாலம், அனுமதிக்குப் பதினொரு மாதம்!

2024இல் முடிவு வந்தது. பதினாறில் பதினைந்து உறுதி. மிஸ் கண்டது சரி. அன்றைக்கு றுஷ்தா கேக் வாங்கிவந்தார். மிஸ் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பத்தை மூன்றாம் முறை நிரப்பினார்.

குழுவில் ஆட்கள் மாறியிருந்தார்கள். புதிய குழு, புதிய படிவம். “உற்பத்தி நிறுவனத்தின் பெயர்” என்று ஒரு கட்டம். மிஸ் தன் பெயரை எழுதினார். தனியாள் உற்பத்தியாளராக முடியாது என்று படிவம் திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினார். கல்வி நிறுவனம் உற்பத்தி நிறுவனமல்ல என்று திரும்பி வந்தது. கம்பனிகளிடம் கேட்டார். இந்த நோய் எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள். பரிசோதனை வந்தால்தான் எத்தனை பேருக்கு என்று தெரியும் என்றார் மிஸ். எத்தனை பேருக்கு என்று தெரிந்தால்தான் பரிசோதனையைச் செய்வோம் என்றார்கள். ஒரு மனிதர் இதற்குமேல் எந்தச் சுவரில் முட்டுவது?

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. இதைச் சொல்லாமல் மிஸ்ஸைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

2025 தை மாதம். முசலிப் பக்கத்திலிருந்து பவ்ஸான் என்று ஒருவர், முப்பத்துநான்கு வயது, வயல் செய்கிறவர், காய்ச்சலோடு இந்த மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சிறுநீர் குறைந்திருந்தது. ஆய்வுக்காக அவருடைய இரத்தம் கொஞ்சம் றுஷ்தாவிடம் போனது. அன்று பின்னேரமே றுஷ்தா எனக்குத் தொலைபேசி எடுத்தார்: “மஞ்சள் சேர். நல்லாத் தெரியுது.” நான் வார்டுக்கு ஓடிப்போய் வைத்தியரிடம் சொன்னேன்.

“டொக்டர், இது ஹன்டா போல இருக்கு. சேலைனை அளவாப் போடுங்கோ.”

“ஆர் சொன்னது?”

“மதலேனா மிஸ்ஸின்ர பரிசோதனை.”

“பேப்பர் இருக்கோ?”

வைத்தியரில் பிழையில்லை. இளம் ஆள், ஒரு வார்டு முழுக்க நோயாளிகள். வாய்ச்சொல்லை நம்பி வைத்தியத்தை மாற்ற அவருக்கு எப்படித் துணிவு வரும்? அவர் கேட்டது கடதாசி. நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்து கடதாசியை எடுத்தேன். பேனையையும் எடுத்தேன். அங்கீகாரமில்லாத பரிசோதனை முடிவை எழுதக்கூடாது என்று மேலிடத்திலிருந்து வந்த கடிதம் சுவரில் ஒட்டியிருந்தது. எனக்கு ஓய்வூதியத்துக்கு நான்கு வருடம் இருந்தது. பேனையை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பவ்ஸானுக்கு மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மௌத்தானார்.

மதலேனா மிஸ் அப்போது புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தார். அந்த நோய் அவருக்கு இருந்ததே எங்களில் பலருக்கு அதற்குச் சற்று முன்புதான் தெரியும். தலையில் துணி கட்டிக்கொண்டு, ஓட்டோ பிடித்து, என் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“ஸப்ராஸ், உங்கட பேனையில மை இல்லையோ?”

நான் சுவரிலிருந்த கடிதத்தைக் காட்டினேன்.

“அதை வாசிச்சனான். நான் கேட்டது உங்கட பேனையை.”

ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். பவ்ஸானின் உம்மாவிடம் நான் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “எழுதியிருந்தா என்ட மகன் தப்பியிருப்பானா?” என்று கேட்டார். “தெரியாது உம்மா” என்றேன். உண்மையிலேயே தெரியாது. தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். அந்தத் தெரியாததோடுதான் நான் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கிறேன்.

மிஸ் என்னை மன்னித்தார் என்று சொல்லி இந்தச் சபையில் நான் நல்ல பெயர் எடுக்கமாட்டேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவும் இல்லை. கடைசி மாதங்களில், எலி பிடிப்பதிலிருந்து புரதம் செய்து தட்டில் பூசி முடிவு வாசிப்பது வரை, எந்த ஆய்வுகூடத்து ஆளும் பார்த்துச் செய்யக்கூடியமாதிரி, தமிழில் ஒரு செய்முறை எழுதினார். நாற்பத்தாறு பக்கம். என்னிடம் கொடுத்து, “வாசிச்சுப் பார்த்துப் பிழை இருந்தாச் சொல்லுங்கோ” என்றார். பத்தொன்பதாம் பக்கத்தில் தட்டை எத்தனை தரம் கழுவுவது என்று விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். அவருக்குச் சரியான கோபம். “நாலு தரம்! இதைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறன். பாருங்கோ, கழுவாமல் விட்டா எல்லா ரத்தமும் மஞ்சளாத்தான் வரும்.” பேனையை வாங்கி, ஊசி குத்தியிருந்த கையாலேயே திருத்தினார். ஒன்பது நாள் கழித்து இறந்தார். வயது ஐம்பத்திரண்டு.

அன்ரோனெற் ரீச்சர் அவர்களே, உங்கள் தங்கையை நாங்கள் அலையவைத்தோம். இந்த மேடையிலிருப்பவர்களும், இதற்கு வராதவர்களும், நானும். அதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. செய்யப்போவதைச் சொல்கிறேன்.

றுஷ்தாவின் கையில் அந்தப் பற்றீரியா இருக்கிறது. புரதம் தொடர்ந்து செய்யப்படும். நான்காம் முறை விண்ணப்பம் போகும், நிராகரித்தால் ஐந்தாம் முறையும் போகும். நறுவிலிக்குளத்து மக்களே, முள்ளிக்குளத்து மக்களே, முசலி மக்களே! இந்தப் போகம் முடிந்து காய்ச்சல் வந்தால் முதல் இரத்தத்தைத் தாருங்கள். மூன்று கிழமையால் றுஷ்தா உங்கள் வாசலுக்கு வருவார். காய்ச்சல் மாறிவிட்டது, இனி ஏன் என்று கேளாதீர்கள். கையைக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கிற அந்த இரண்டாவது இரத்தத்தை மறுக்க எந்தக் குழுவாலும் முடியாத நாள் வரும்.

சுகாதார அதிகாரிகளே, நீங்கள் இங்கே இருக்கும்போதே இதைச் சொல்கிறேன், பிறகு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாக இருக்கக்கூடாது. இன்றிலிருந்து இந்தப் பரிசோதனையின் முடிவை நான் எழுதுவேன். “ஆய்வு நிலைப் பரிசோதனை, இன்னும் அங்கீகாரம் பெறாதது” என்று மேலே தெளிவாகப் போடுவேன். எதையும் மறைக்கமாட்டேன். அதன் கீழே முடிவு. அதன் கீழே என் பெயர், என் பதிவிலக்கம், என் கையொப்பம். வைத்தியர் அதைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும், ஆனால் பார்ப்பதற்கு அவர் கையில் ஒரு கடதாசி இருக்கட்டும். விசாரணைக்குக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள், வருவேன். ஓய்வூதியத்தைப் பிடிப்பதென்றால் பிடியுங்கள்.

நேரம் இரண்டு இருபது. இன்று காலை பெண்ணொருவரின் இரத்தம் வந்தது. காய்ச்சல் நான்காம் நாள், சிறுநீர் குறைந்துவிட்டது. றுஷ்தா தட்டைப் போட்டுவிட்டுத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். மூன்று மணிக்கு நிறம் பார்க்கவேண்டும். மேடையிலிருந்து இடையில் எழுந்து போவது மரியாதையில்லை என்று தெரியும். சபையோர் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன், எழுதவேண்டும்.